கிரயம் செய்யாதீர்கள், குத்தகைக்கு விடுங்கள்: அறிவுசார் சொத்திலிருந்து வருமானம் பெற முழுமையான வழிகாட்டி

பத்திரப்பதிவு அலுவலகத்தில் நம் ஊர்ப் பெரியவர்களை ஏமாற்றுவது எளிதல்ல. பத்து சென்ட் நிலமானாலும் வில்லங்கச் சான்று பார்ப்பார்கள். நான்கு எல்லையையும் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். கிரயமா, ஒத்தியா, குத்தகையா என்று மூன்று முறை கேட்ட பிறகுதான் கைநாட்டு வைப்பார்கள். அதே வீட்டுப் பிள்ளை ஒரு நாவல் எழுதினால், ஒரு பாட்டுக்கு மெட்டமைத்தால், ஒரு கருவியை உருவாக்கினால், நீட்டப்படும் தாளின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறது.

நானும் அப்படித்தான் போட்டேன். என் முதல் புத்தகத்தின் ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம். அதில் 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரு வரி, 'பிரிவு 19(4) பொருந்தாது' என்று இன்னொரு வரி. இரண்டாவது வரியை ஏதோ அலுவலகச் சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து ஓர் ஒலிப்புத்தக நிறுவனம் அந்த நூலைக் கேட்டு வந்தபோதுதான், கொடுப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. பதிப்பகம் அதை ஒலிப்புத்தகமாக்கவும் இல்லை, எனக்குத் திருப்பித் தரவும் இல்லை. அன்று முதல் எழுத்தாளர்கள், பாடலாசிரியர்கள், பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் என்று யார் ஒப்பந்தம் கொண்டுவந்தாலும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். அப்படிப் படித்ததில் தெரிந்துகொண்டதுதான் இந்த வழிகாட்டி. இதில் வருவது இந்தியச் சட்டம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம் தனியாக இருக்கிறது. அங்குள்ளவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைப் பத்திரிகைகள் காப்பிரைட்டுக்கும் பயன்படுத்துகின்றன, பேட்டன்டுக்கும் பயன்படுத்துகின்றன. இந்தக் குழப்பத்தோடு வழக்கறிஞரிடம் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே பதிப்புரிமை என்றால் எழுத்து, இசை, படம் போன்ற படைப்புகளுக்கான காப்பிரைட். காப்புரிமை என்றால் கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் மட்டும். இன்னொரு வசதியும் நமக்கு உண்டு. நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் இந்தச் சொத்துக்கும் அப்படியே பொருந்தும். உரிமையை முழுதாக எழுதிக்கொடுப்பது கிரயம். காலமும் எல்லையும் குறித்துப் பயன்படுத்த அனுமதிப்பது குத்தகை. சட்டம் அதை உரிமம் என்கிறது. விளைச்சலில் பங்கு வாங்குவது வாரம், அதுதான் ராயல்டி. அடகு வைத்துக் கடன் வாங்குவது ஒத்தி. சினிமாக்காரர்கள் 'அவுட்ரைட்' என்று சொல்லும்போது கிரயத்தைச் சொல்கிறார்கள் என்று மனதில் மொழிபெயர்த்துக்கொண்டால் பாதி ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 1: கையில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்

கோவையில் ஒரு வெட் கிரைண்டர் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கல்லைச் சாய்த்து மாவை வழிக்கப் புதிய இயங்குமுறை ஒன்றை உரிமையாளர் உருவாக்கியிருந்தால், அது காப்புரிமைக்கு உரியது. இயந்திரத்தின் வெளித்தோற்றம் தொழில் வடிவமைப்புச் சட்டத்தில் வரும். அதன் மீது ஒட்டியிருக்கும் பெயரும் முத்திரையும் வணிகக் குறியீடு. செய்முறைக் கையேடும் விளம்பரப் படங்களும் பதிப்புரிமை. கல்லைக் கொத்தும் பக்குவம் வெளியே தெரியாதவரை தொழில் ரகசியம். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்பதோ புவிசார் குறியீடு. ஒரே இயந்திரத்தில் ஆறு சொத்துகள். உரிமையாளரைக் கேட்டால் "கம்பெனி பேர் மட்டும் ரிஜிஸ்டர் பண்ணியிருக்கிறேன்" என்பார்.

ஒரு நோட்டில் ஒவ்வொன்றையும் தனித்தனி வரியாக எழுதி, எதிரே 'இது யாருடையது' என்று ஒரு கட்டம் போடுங்கள். இந்தக் கட்டத்தில்தான் தகராறுகள் பிறக்கின்றன. வேலையில் இருக்கும்போது வேலைக்காக எழுதியதன் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், வரைந்த உருவப்படம், எடுத்த திரைப்படம் ஆகியவை பணம் கொடுத்தவருக்குச் சேரும். ஆனால் வெளியாள் ஒருவரிடம் பணம் கொடுத்து எழுதி வாங்கிய கட்டுரையும் மென்பொருளும், எழுத்துமூலம் மாற்றப்படாதவரை எழுதியவரிடமே இருக்கும். "பணம் கொடுத்துவிட்டேன், அதனால் என்னுடையது" என்று நினைக்கும் சிறுதொழில் முனைவோர் இதை இரண்டு முறை படிக்க வேண்டும். இருவர் பெயரில் இருக்கும் காப்புரிமையை ஒருவர் தாமே பயன்படுத்தலாம். மற்றவர் சம்மதமின்றி வெளியாளுக்கு உரிமம் கொடுக்க முடியாது. நண்பருடன் சேர்ந்து கண்டுபிடித்திருந்தால், நட்பு நன்றாக இருக்கும்போதே பங்கை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: வேலி போடுங்கள், ஆனால் வரிசை தவறாமல்

எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. இருந்தாலும் பதிவேட்டுச் சான்று நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும். பேரம் பேசும் மேசையிலும் அதற்கு மதிப்பு உண்டு. இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். தமக்குத் தாமே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது இந்தச் சான்றுக்கு ஈடாகாது.

காப்புரிமையும் வடிவமைப்பும் இதற்கு நேர் எதிர். பதிவு இல்லாமல் அங்கே உரிமையே இல்லை. அதைவிட மோசமாக, விண்ணப்பிக்கும் முன் வெளியே காட்டினாலே உரிமை பறிபோகும். கோவை கொடீசியா தொழில் கண்காட்சியில் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, 'நல்ல வரவேற்பு, இனிப் பதிவு செய்யலாம்' என்று வருகிறவர்களிடம் நல்ல செய்தி சொல்ல எனக்கு வாய்ப்பதில்லை. காப்புரிமைக்குச் சில கண்காட்சிகளிலும் ஆய்வரங்குகளிலும் காட்டியதற்கு 12 மாதச் சலுகை சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது குறுகிய வாசல், அதை நம்பிப் போகாதீர்கள். கையில் முழு விவரம் இல்லையென்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டு நாளைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுக்கலாம். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். உண்மையான செலவு விவரக் குறிப்பை எழுதும் காப்புரிமை முகவருக்கு ஆகும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள், எல்லைக்கல் நடுகிறவர் அவர்தான்.

வணிகக் குறியீட்டுக்குத் தனிநபரும் சிறுநிறுவனமும் இணையவழியில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்ட வேண்டும். பொருள்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். நீங்கள் இன்று விற்கும் பொருளின் வகுப்போடு, நாளை உரிமம் கொடுக்க நினைக்கும் பொருளின் வகுப்பையும் யோசியுங்கள். 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தால் குறியீடு தலைமுறை தாண்டி நிற்கும். காப்புரிமைக்கு ஆயுள் 20 ஆண்டு, வடிவமைப்புக்கு 10 ஆண்டும் நீட்டிப்பாக இன்னும் 5 ஆண்டும், எழுத்துக்கும் இசைக்கும் படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். இந்த ஆயுள் கணக்குதான் விலையையும் தீர்மானிக்கும். தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் காப்புரிமை, வணிகக் குறியீட்டு அலுவலகங்கள் சென்னை கிண்டியிலேயே இருக்கின்றன. நாடு முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான்.

படி 3: சொத்தைத் துண்டுகளாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பாரதியார் 1921இல் மறைந்தார். பிறகு அவர் பாடல்களை அச்சிடும் உரிமை ஒரு பக்கம் போனது. அதே பாடல்களை இசைத்தட்டாகப் பதிவு செய்யும் உரிமை இன்னொரு பக்கம் போய், கைமாறி, திரைப்படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. பாடல் ஒன்று, சொத்து இரண்டு. 1949இல் சென்னை அரசு உரிமைகளைப் பெற்றபோது மெய்யப்பர் தம் வசமிருந்ததைப் பணம் வாங்காமல் கொடுத்தார். 1955இல் பாரதி எழுத்துகள் மக்கள் சொத்தாயின. நாட்டுடைமைக் கதையாக மட்டுமே இதை நாம் சொல்லிப் பழகிவிட்டோம். ஓர் உரிமையாளர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: ஒரே பாட்டுக்குள் தனித்தனியாக விலைபோகும் உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்தக் காலத்து இசைத்தட்டு வியாபாரிகளுக்கு அது தெரிந்திருந்தது.

ஒரு நாவலைப் பிரித்துப் பாருங்கள். தமிழ் அச்சுப் பதிப்பு, மலிவுப் பதிப்பு, மின்னூல், ஒலிப்புத்தகம், இதழில் தொடராக வெளியிடுவது, மலையாளம், இந்தி, ஆங்கிலம் என்று ஒவ்வொரு மொழிபெயர்ப்பும், நாடகம், திரைப்படம், வலைத்தொடர், படக்கதை, பாடநூலில் சேர்ப்பது. இவை ஒவ்வொன்றையும் இடத்தாலும் பிரிக்கலாம், காலத்தாலும் பிரிக்கலாம். தமிழ் அச்சு உரிமையை இந்தியாவுக்கு ஒருவரிடமும் இலங்கைக்கு வேறொருவரிடமும் கொடுக்கலாம். ஐந்து ஆண்டுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கலாம்.

எனக்கு வரும் ஒப்பந்தங்களில் பத்துக்கு ஏழில் இப்படி ஒரு வாசகம் இருக்கும்: 'இப்படைப்பின் மீதான அனைத்து உரிமைகளையும், இன்று உள்ள மற்றும் இனித் தோன்றும் எல்லா ஊடகங்களுக்கும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் ஆசிரியர் இதன்மூலம் மாற்றித் தருகிறார்.' நான் பேனாவை எடுத்து அதை இப்படி மாற்றித் தருவேன்: 'தமிழில் அச்சு வடிவில் வெளியிடும் தனி உரிமத்தை, இந்தியாவுக்குள், கையெழுத்திட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு ஆசிரியர் அளிக்கிறார். இங்கே குறிப்பிடாத எந்த உரிமையும் ஆசிரியரிடமே இருக்கும்.' இந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசத் தயார். பெரும்பாலான பதிப்பாளர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் தேவை அச்சுதான். மற்றவை பழைய ஒப்பந்தத்திலிருந்து நகலெடுக்கப்பட்டு வந்தவை.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டு. இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓர் உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அந்த உரிமை உங்களிடமே திரும்பும். என் ஒப்பந்தத்தில் 'பிரிவு 19(4) பொருந்தாது' என்று எழுதிப் பறித்தது இந்தப் பாதுகாப்பைத்தான். அன்றைக்குப் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, அந்த ஊடகத்தைக் குறிப்பாகப் பெயர்சொல்லி எழுதியிருந்தாலொழிய, மாறாது என்று 18ஆம் பிரிவு 2012 திருத்தத்துக்குப் பின் சொல்கிறது.

படி 4: வருமான வழியைத் தேர்ந்தெடுங்கள்

தாமே தயாரித்து விற்பது முதல் வழி. முதலும் ஆளும் இருந்தால் லாபம் முழுவதும் உங்களுக்கு. பெரும்பாலோருக்கு இரண்டும் இல்லை, அதனால் குத்தகைக்கு வருகிறோம்.

உரிமத்தில் மூன்று வகை உண்டு. தனி உரிமம் கொடுத்தால் நீங்கள்கூட அந்த எல்லைக்குள் பயன்படுத்த முடியாது. ஆகவே விலை அதிகமாகவும் காலம் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒற்றை உரிமத்தில் அவரும் நீங்களும் மட்டும். பொது உரிமத்தில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். புகைப்படம், எழுத்துரு, மென்பொருள், பாடத்திட்டம் ஆகியவற்றுக்கு இதுவே பொருத்தம். தமிழ் எழுத்துரு வடிவமைக்கும் இளைஞர்கள் ஒரே நிறுவனத்துக்கு அவுட்ரைட்டாக எழுதிக்கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. அதே எழுத்துருவை நூறு அச்சகங்களுக்குச் சிறு தொகையில் கொடுத்திருக்கலாம்.

வணிகக் குறியீட்டைக் குத்தகைக்கு விடும்போது தரக் கட்டுப்பாடு உங்கள் கையில் இருந்தே ஆக வேண்டும். உங்கள் இனிப்புக் கடைப் பெயரை வேறு ஊரில் ஒருவர் பயன்படுத்தி, எண்ணெய் மாற்றாமல் பொரித்தால், கெடுவது அவர் பெயரல்ல. செய்முறை, மூலப்பொருள், அறிவிப்பின்றி வந்து பார்க்கும் உரிமை, தவறினால் பலகையை இறக்கும் நாள்கணக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். உரிமம் பெற்றவரைப் பதிவேட்டிலும் பதிந்துவையுங்கள்.

புவிசார் குறியீடு மட்டும் விதிவிலக்கு. அதை விற்கவோ, உரிமம் கொடுக்கவோ, அடகு வைக்கவோ சட்டம் அனுமதிப்பதில்லை. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் குறியீடு கிடைத்தது. அங்கே தயாரிக்கும் ஒருவருக்கு வருமானம், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிந்து, அந்த முத்திரையோடு நல்ல விலைக்கு விற்பதில்தான் இருக்கிறது. சங்கத்துக்குக் குறியீடு கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாமல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் பதிய வேண்டும்.

அடகு வைப்பது சட்டப்படி முடியும். வங்கிக்காரர் கட்டடத்தைக் கேட்பாரே தவிர காப்புரிமைச் சான்றை மட்டும் வைத்துக் கடன் கொடுப்பது அரிது. நடந்துவரும் ராயல்டி ஒப்பந்தம் கூடவே இருந்தால் பேச்சு கொஞ்சம் நகரும்.

கிரயமே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயுள் முடியப்போகும் காப்புரிமை, நீங்கள் விட்டு விலகும் தொழிலின் பெயர், வழக்கு நடத்தத் தெம்பில்லாத நிலை, மருத்துவச் செலவு ஆகியவை விற்பதற்கு நியாயமான காரணங்கள். விற்றால் கிரய விலைக்கு விற்க வேண்டும். குத்தகை வாடகைக்குக் கிரயம் எழுதிக்கொடுப்பதுதான் தவறு.

படி 5: விலை சொல்லுங்கள்

கோவை நிறுவனம் ஒன்றோடு நடந்த ஒரு பேரம் இதற்கு நல்ல முன்மாதிரி. அகத்திய மலைப் பகுதியின் காணி மக்கள் களைப்புத் தீர மெல்லும் ஆரோக்கியப்பச்சை என்ற செடியைத் திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்தினருக்குக் காட்டினார்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமத்தைக் கோவை ஆரிய வைத்திய ஃபார்மசிக்கு ஏழு ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். முன்தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2% ராயல்டி, இரண்டிலும் பாதி காணி மக்களுக்கு. தொகை போதுமா என்று இன்றும் வாதிடலாம், நானும் குறைவு என்றே நினைக்கிறேன். ஆனால் அமைப்பைப் பாருங்கள்: கையில் வரும் முன்பணம், விற்பனையோடு வளரும் பங்கு, முடியும் தேதி, அறிவைக் கொடுத்தவர்களுக்கான பங்கு. நான்கும் இருக்கின்றன. பின்னாளில் வனத்துறைக் கட்டுப்பாட்டால் செடி கிடைப்பதே சிரமமானது. மூலப்பொருள் யார் கையில் இருக்கிறது என்பதையும் விலை பேசும் முன்பே யோசிக்க வேண்டும் என்பதற்கும் அதே பேரம் சாட்சி.

உங்கள் கண்டுபிடிப்புக்கு எண் சொல்லத் தெரியாமல் திணறினால், வாங்குபவருக்கு அது மிச்சம் பிடித்துத் தரும் தொகையிலிருந்து தொடங்குங்கள். ஓர் இயந்திரத்தில் 40 ரூபாய் செலவு குறைகிறது, அவர் ஆண்டுக்கு 5,000 இயந்திரம் செய்கிறார் என்றால் அவருக்கு 2 லட்சம் மிச்சம். அதில் கால்பங்கு கேட்டால் இயந்திரத்துக்கு 10 ரூபாய், ஆண்டுக்கு 50,000. இந்தக் கணக்கை எதிரே வைத்துப் பேசும்போது "சார், பார்த்து ஏதாவது போட்டுக் கொடுங்கள்" என்று கெஞ்சும் நிலை வராது.

சதவீதத்தைவிட, எதன் மேல் சதவீதம் என்பது முக்கியம். புத்தகத்துக்குத் தமிழில் 10% என்பது பழகிய எண். 300 ரூபாய்ப் புத்தகம் ஆயிரம் பிரதி விற்றால், அச்சிட்ட விலையில் 10% என்றால் 30,000 ரூபாய். 'நிகர வரவில் 10%' என்று ஒப்பந்தம் சொல்லி, கடைக்கு 35% கழிவு போனால் பிரதிக்கு வரவு 195. உங்கள் பங்கு 19,500. ஒரே 10%, ஆனால் 10,500 ரூபாய் வித்தியாசம். 'லாபத்தில் பங்கு' என்ற சொல்லைக் கண்டால் இன்னும் கவனம். லாபத்தை எழுதும் பேனா அவர் கையில் இருக்கிறது.

சினிமா விநியோகத்தில் மினிமம் கேரண்டி என்பார்கள். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு என்று உறுதித்தொகை. எல்லாத் தனி உரிமத்திலும் இதைக் கேளுங்கள். உங்கள் உரிமையைப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருப்பவரை இது ஒன்றுதான் அசைக்கும்.

படி 6: ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டியவை

எந்த உரிமை, எந்த மொழி, எந்த இடம், எத்தனை காலம், முன்பணம், ராயல்டி, கணக்கு தரும் மாதம், தாமதத்துக்கு வட்டி, உள்குத்தகை கொடுக்கலாமா, கொடுத்தால் அதில் உங்கள் பங்கு எவ்வளவு, குறிப்பிட்ட மாதங்கள் சரக்கு சந்தையில் இல்லாவிட்டால் உரிமை தானே திரும்புவது, கருவியென்றால், அவர் செய்யும் மேம்பாடு யாருக்குச் சொந்தம், வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில். காப்புரிமை மாற்றத்தையும் உரிமத்தையும் எழுதி முடித்ததும் காப்புரிமை அலுவலகத்தில் பதியுங்கள்.

கணக்கைப் பார்க்கும் உரிமையைத் தனியே சொல்ல வேண்டும். ஒரு நண்பருக்கு வந்த ராயல்டி அறிக்கையை ஒருநாள் மேசையில் விரித்தோம். தொடக்க இருப்பு 380. புதிதாக அச்சிட்டது 500. ஆண்டு முடிவில் இருப்பு 310. மதிப்புரைக்கும் அன்பளிப்புக்கும் போனது 40. அப்படியென்றால் விற்றிருக்க வேண்டியது 530. அறிக்கையில் 412 என்று இருந்தது. 118 பிரதி எங்கே? பதிப்பாளரிடம் கேட்டோம். அவர் நேர்மையானவர், தேடிப் பார்த்தார். நூலக ஆணைக்குப் போன பிரதிகள் வேறு பேரேட்டில் இருந்தன. பிரதிக்கு 30 ரூபாய் வீதம் 3,540 ரூபாய் அடுத்த வாரம் வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் 'விற்றது 412' என்ற ஒற்றை எண் மட்டும் அறிக்கையில் இருந்திருந்தால் நாங்கள் கேள்வியே கேட்டிருக்க முடியாது. ஆகவே தொடக்க இருப்பு, அச்சிட்டது, முடிவு இருப்பு, இலவசம், விற்பனை என்ற ஐந்து எண்களும் அறிக்கையில் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

படி 7: இசைக்காரர்களுக்குத் தனியாக

ஒரு பாட்டில் வரிகள் ஒருவருடையது, மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு பெரும்பாலும் நிறுவனத்துடையது, பாடியவருக்குக் கலைஞர் உரிமை. நான்கும் நான்கு வழியில் பணம் தரும். நான்கையும் ஒரே இடத்தில் தேடுவதால்தான் கிடைப்பதில்லை.

2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் கொடுத்ததை இன்னும் பல இளைஞர்கள் அறியவில்லை. படத்தோடு திரையரங்கில் ஓடுவதைத் தவிர, தொலைக்காட்சி, வானொலி, ஹோட்டல், இணையம் என்று பாட்டு எங்கே ஒலித்தாலும் வரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுகளுக்கோ, உறுப்பினர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும் தரலாம். விட்டுவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வாசகம் செல்லாது. படத்தில் இடம்பெறாத தனிப்பாடலுக்கும் இதுபோன்ற பாதுகாப்பு உண்டு.

உரிமை இருந்தால் போதாது, வசூலிக்க ஆள் வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் வசூலிப்பது, 1969இல் தொடங்கி, 2017இல் மீண்டும் பதிப்புரிமைச் சங்கமாகப் பதிவான ஐபிஆர்எஸ். பாடகர்களுக்கு இஸாம்ரா என்ற சங்கம். உறுப்பினரானதோடு நின்றுவிடாதீர்கள், ஒவ்வொரு பாட்டையும் தலைப்பு, பங்கு சதவீதம், கூட்டாளிகள் பெயரோடு பதிய வேண்டும். 'கண்ணே' என்று ஒரு பெயரில் பதிந்து, இணையத்தில் 'கண்ணே கண்ணே' என்று வெளியிட்டால் பணம் பொருத்தம் கிடைக்காமல் தேங்கும். தனியிசைக் கலைஞர்கள் ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் அதன் அடையாள எண்ணான ஐஎஸ்ஆர்சி எண்ணை வாங்கி, அதே எண்ணை எல்லாத் தளத்திலும் பயன்படுத்துங்கள். ஸ்பாட்டிஃபையில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் வசூலிப்பது ஒலிப்பதிவின் பணத்தை. வரிக்கும் மெட்டுக்கும் உரியதைச் சங்கம் வழியாகத்தான் பெற வேண்டும்.

படி 8: கண்காணியுங்கள், கணக்கு வையுங்கள்

பயன்படுத்தாத சொத்து கைவிட்டுப் போகும். வணிகக் குறியீட்டை ஐந்து ஆண்டு தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்கலாம். காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுக்குப் பின், மக்களுக்கு நியாய விலையில் கிடைக்கவில்லை என்று காட்டி யாரும் உங்கள் சம்மதமின்றியே தரப்படும் கட்டாய உரிமம் கோரலாம். 2012இல் நெக்சாவர் என்ற புற்றுநோய் மருந்துக்கு நாட்கோ என்ற இந்திய மருந்து நிறுவனம் அப்படித்தான் பெற்றது. உரிமையாளருக்குக் கிடைத்த ராயல்டியை அதிகாரிகள்தான் நிர்ணயித்தார்கள், முதலில் 6%, மேல்முறையீட்டில் 7%.

திருட்டைக் கண்டால் முதலில் தேதியோடு சான்றுகளைச் சேருங்கள், பொருளை ரசீதோடு வாங்கிவையுங்கள், பிறகு நோட்டீஸ். ஆத்திரத்தில் ஆதாரமற்ற மிரட்டல் கடிதம் அனுப்பினால் எதிராளி உங்கள் மீதே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது. பல நோட்டீஸ்கள் உரிம ஒப்பந்தமாக முடிகின்றன; திருடியவருக்கு அந்தப் பொருள் தேவை என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டதே. நீதிமன்றம்தான் வழி என்றால், சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துப் பிரிவு 2023 முதல் தனியாக இயங்குகிறது.

வரியைப் பொறுத்தவரை, ராயல்டியில் 10% டிடிஎஸ் பிடித்துத் தருவார்கள்; அது உங்கள் பான் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குப் புத்தக ராயல்டியிலும் பதிவான காப்புரிமை ராயல்டியிலும் 3 லட்சம் ரூபாய் வரை கழிவு உண்டு; பாடநூல்களுக்கு இது இல்லை. எழுத்தாளர் பதிப்பாளருக்குத் தரும் பதிப்புரிமைக்கான ஜிஎஸ்டியைப் பொதுவாகப் பதிப்பாளரே கட்ட வேண்டும்.

படி 9: உயிலில் எழுதுங்கள்

பதிப்புரிமை உங்களுக்குப் பின் 60 ஆண்டு வாழும். வீட்டையும் நகையையும் எழுதும் உயிலில் இதை எழுதியவர்களை நான் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஒருவர் மறைந்த பிறகு மூன்று பிள்ளைகளும் ஒன்றாகக் கையெழுத்திட முடியாமல், மறுபதிப்புக் கேட்டு வந்த பதிப்பாளர்கள் திரும்பிப் போய், நல்ல புத்தகங்கள் கடையில் இல்லாமலே போயிருக்கின்றன. படைப்புகளின் பட்டியல், ஒவ்வொன்றும் யாரிடம் எத்தனை காலத்துக்குக் குத்தகையில் இருக்கிறது, ஒப்பந்த நகல் எந்த அலமாரியில், சங்க உறுப்பினர் எண் என்ன என்பதை உயிலோடு இணையுங்கள். வருமானத்தை எல்லோருக்கும் பகிர்ந்து எழுதலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதிகாரத்தை மட்டும் ஒருவரிடம் கொடுங்கள். சங்கத்தில் நியமனதாரர் படிவத்தை இன்றைக்கே நிரப்பிவிடலாம்.